திலகா ஏறாத மேடு

மேட்டில் காரை நிறுத்தி எடுப்பதற்குப் பலம் தேவையில்லை, திவ்யதர்ஷினி. நல்ல காது இருந்தால் போதும். கிளட்சை மெதுவாக விடும்போது என்ஜின் சத்தம் கனக்கும், காரின் மூக்கு லேசாகத் தூக்கும். அப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். நீ என்னிடம் இரண்டே நாளில் படித்துக்கொண்டாய். இன்ஸ்பெக்டரான பிறகும் உன்னை 'நீ' என்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பத்தொன்பது வருடமாக ஊரே 'சிக்கு, சிக்கு' என்று மலாயில் ஆசிரியரைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டதில் வாத்தியார் புத்தி ஒட்டிக்கொண்டுவிட்டது.

என் தங்கை திலகவதியைப் பற்றித்தானே கேட்கிறாய். அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது முப்பத்தொன்று. வீட்டில் நாங்கள் இரண்டே பேர், ஆனால் எப்போதும் சிரிப்புத்தான். எதிர்வீட்டுச் சாமிக்கண்ணு மாமா, "எங்க வீட்டுக்கு ரேடியோ எதுக்கு, இந்த ரெண்டு பொண்ணுங்க போதும்லா" என்பார்.

போன வருடம் மெர்லிமாவில் ஒரு பல் டாக்டரிடம் அவளுக்கு வேலை கிடைத்தது.

"லைசன்ஸ் எடுத்ததும் அங்கயே ரூம் பாத்துக்கிறேங்கா. வாரம் ஒருக்கா வந்துருவேன். நீயே சொல்லிக் குடு," என்றாள்.

வாரம் ஒருமுறை. கறிவேப்பிலைச் செடியைக்கூட நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஆனாலும் சரி என்றேன். யார் வந்து கேட்டாலும் சொல்லிக் கொடுப்பவள், சொந்தத் தங்கைக்கு மாட்டேன் என்பேனா?

புக்கிட் பெருவாங்கில் எங்கள் தெருவை நீ பார்த்திருக்கிறாய். கீழே நின்று பார்த்தால் வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். ரொட்டிக்காரர் அடிவாரத்திலேயே நின்று ஹார்ன் அடிப்பார். நாங்கள்தான் இறங்கிப் போக வேண்டும். உச்சியில் ஒரு சந்திப்பு. அங்கே நின்றுதான் எடுக்க வேண்டும். திலகா முதல் நாளே அழகாக எடுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு மட்டும் இறங்கவில்லை.

பழகும் காரில் இடப்பக்கம், வாத்தியார் காலடியிலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் இருக்கும். இரண்டு பக்கமும் கம்பியால் பிணைத்தவை. நான் மிதித்தால் ஓட்டுகிறவர் காலடியிலும் பெடல் இறங்கும். தன் கால்தான் அழுத்திவிட்டது என்று தோன்றும். இரண்டாம் நாள், ஹேண்ட் பிரேக்கை அவள் இறக்கிய நேரம் பார்த்து நான் கிளட்சை லேசாக மிதித்தேன். கார் நாலடி பின்னால் போனது. பிறகு நானே பிரேக் போட்டேன்.

"அக்கா, என் காலு என் பேச்சையே கேக்கல," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பிடித்த மாதிரியே பிடித்தாள். குடிக்க ஐஸ் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

வாரத்துக்கு ஒருமுறைதான் மிதித்தேன். தினமும் மிதித்தால் காரில் கோளாறு என்று சந்தேகம் வந்திருக்கும். அவள் பரீட்சையை இரண்டு தடவை தள்ளிப்போட்டாள்.

கெடுத்தது எங்கள் டிரைவிங் பள்ளியில் வேலை பார்க்கும் கோகுலராஜ். ஒரு நாள் நான் இல்லாதபோது அவளைப் பள்ளி மேட்டில் தனியாக ஏற்றிப் பார்த்திருக்கிறான்.

"என்னக்கா, தங்கச்சி தனியா சூப்பரா ஏத்துது. நீங்க பக்கத்துல உக்காந்தாதான் கார் பின்னால போவுது. உங்க முகத்தப் பாத்தே பயப்படுதுபோல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திலகா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த புதன்கிழமைப் பரீட்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

அதற்கு முந்தின சனிக்கிழமை நடந்ததுதான் உன் மேசையில் கேஸாக இருக்கிறது. சாமிக்கண்ணு மாமா உம்பாய்ச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் எங்கள் பின்னால் ஏறி வந்தார். சந்திப்பில் நாங்கள் நிற்க, அவரும் நின்றார். கார் பின்னால் போய் அவரை மதில் சுவரோடு சேர்த்தது. மூன்றாம் நாள் போய்விட்டார். நல்ல மனிதர். காரியத்துக்கு நான்தான் சமைத்தேன்.

வாத்தியாருக்கென்று தனிக் கண்ணாடி இருக்கிறதே, அதில் அவரைப் பார்த்தீர்களா என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பார்த்தேன். கூடையில் மீன் வால் ஆடியதுகூடத் தெரிந்தது. விலகிக்கொள்வார் என்று நினைத்தேன் என்று சொல்லலாம், அது பொய். நாலடி இனி அவளுக்குப் போதாது என்று நினைத்தேன். மிதித்த காலை எடுக்கவில்லை. பிரேக்கும் போடவில்லை.

இப்போது அவள் ஓட்டுகிற இருக்கையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வேலையை விட்டுவிட்டாள். தெருவில் இறங்கினால் என் கையை விடுவதில்லை. அமைதியாக இருக்கிறாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேற்று நீ வந்து திலகாவை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றாய். அது சரியில்லை. அங்கே அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

அதனால் எழுதிக்கொள். மிதித்தது நான், தெரிந்தே மிதித்தேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஓர் உதவி மட்டும் செய், இது அவளுக்குத் தெரிய வேண்டாம். தன்னால் நடந்தது என்றே இருந்துவிட்டுப் போகட்டும், பழகிவிட்டாள்.

சீக்கிரம் முடி, திவ்யா. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் போய்த்தான் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.