குளிப்பாட்டிய கிடாய்க்குட்டிகளை முன்னிட்டு, எங்கள் மேற்பார்வையாளர் அண்ணனுக்கு

முப்பத்தோராண்டு மலையேறியும் மூச்சு வாங்காத முதல்வரே! இருமலைக் கேட்டே ஆட்டின் இரைப்பையைக் கணிக்கும் ஏந்தலே! ஏசினாலும் எங்களுக்கு இனித்த பண்ணை மேற்பார்வையாளர் அண்ணனே! வணக்கம்.

இம்மலையாட்டின் இலக்கணத்தை ஏட்டில் எழுதி வைத்தவர் தாங்களே. பின்னோக்கி வளைந்த கொம்பு, பிடரி முதல் வால் வரை ஓடும் கரும்பட்டை, குளிர் தாங்கும் அடர்மயிர், பாறையைப் பற்றும் இறுகிய குளம்பு, நாலு விரலுக்கு மிகாத காது என வகுத்தீர்கள். பனி காயாமல் மேயவிடாதே, பரண் தரையில் ஈரம் தங்கவிடாதே, மழைக்கு முன் குடற்புழு மருந்தை மறக்காதே என நாள் தவறாமல் நச்சரித்தீர்கள். அந்த நச்சரிப்பால்தான் சென்ற மழையில் ஒரு குட்டியும் சாகவில்லை.

புகழுரை சற்று நிற்க. நாங்கள் ஒரு தவறு செய்துவிட்டோம், அண்ணா. நேரில் சொல்ல நா எழவில்லை. மடலில் எழுதி வாசித்தால், மேடையில் அமர்ந்திருக்கும் தாங்கள் செருப்பைத் தேட மாட்டீர்கள் என்று எழுத்தர்தான் யோசனை சொன்னார்.

முந்தாநாள், முப்பது கிடாய்க்குட்டிகளில் ஒன்றை இனப்பெருக்கத்துக்கான பொலிகிடாயாகத் தேர்ந்து, அதன் நெற்றியில் சிவப்பு மை தடவினீர்கள். மற்ற இருபத்தொன்பதுக்கும் காயடிக்க இன்று மூன்று மணிக்குக் கால்நடை மருத்துவர் வருகிறார். ஆனால் தங்கள் பணி ஓய்வு விழாவில் குட்டிகள் பளபளக்க வேண்டுமே என்ற ஆசையில், நேற்று முப்பதையும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டோம். குளிப்பாட்டவே கூடாது என்று தாங்கள் நூறு முறை சொன்ன ஆடுகள்! மை போய்விட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

ஏட்டை விரித்தோம். கொம்பும் பட்டையும் குளம்பும் பாதிக் குட்டிகளுக்குப் பொருந்தின. காதை அளந்தோம். எழுத்தரின் மெலிந்த விரலால் அளந்தால் ஒன்பது தேறின; தீவனக்காரரின் வாழைப்பழ விரலால் அளந்தால் பதினான்கு. "யார் வெரலுன்னு எழுதலையேப்பா!" என்று அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அவரே எழுந்து வந்து, "பொலிகிடாய எத வெச்சுண்ணே எடுக்கறீங்க?" என்று தங்களிடம் நைசாகக் கேட்டார். "பாத்தாலே தெரியுமே. இத்தன வருசமா பக்கத்துலதானய்யா நின்ன?" என்றீர்கள்.

நின்றோம், அண்ணா. ஆனால் ஆட்டையா பார்த்தோம்? தங்கள் விரல் எந்தப் பக்கம் நீள்கிறது என்றுதான் பார்த்தோம். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. தப்பான குட்டியைப் பொலிகிடாயாக விட்டுவைத்தால், இனி நாலைந்து ஆண்டுகள் பிறக்கும் குட்டிகளெல்லாம் எங்கள் குழப்பத்துக்குப் பிறந்தவையாக இருக்கும். காயடித்ததைத் திருப்பித் தர எந்த மருத்துவராலும் ஆகாது.

நோயின்றி நொடியின்றி நூறாண்டு வாழ்க! அதில் இன்று அரை மணி நேரத்தை மட்டும் எங்களுக்குத் தாருங்கள். மேடைக்குப் பின்னால் பட்டியில் முப்பதும் நிற்கின்றன. திட்டுவதாக இருந்தால் நடந்துகொண்டே திட்டுங்கள். வந்து, "இதுதான்" என்று காட்டுங்கள். ஏன் அது என்றும் சொல்லிவிடுங்கள். அடுத்த ஆண்டு நாங்கள் கேட்க, தாங்கள் இங்கே இருக்க மாட்டீர்கள்.

இங்ஙனம்,
கைபிசைந்து நிற்கும் தங்கள் பண்ணை ஊழியர்கள்