திறக்காமல் திருப்பிய கடிதம்

தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வேலை முடிந்து நேரே இங்கு வந்திருக்கும் தாய்மார்களே, இடமின்றிச் சுவரோரம் நின்று கேட்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், நான் செய்த முதல் வேலை ஒரு கடிதத்தைத் திறந்தது. எட்டு மாதமாகத் திறக்க மறுத்த கடிதம்!

அனுப்பியவர் ஒரு பள்ளியின் கணக்கு ஆசிரியை. யாரையும் உள்ளே பார்க்க விடாத ஏதோ ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் தட்டெழுதி, கணினிக் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். நான் யார்? கட்டற்ற மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், யாரும் பிரித்துப் பார்க்கலாம், யாரும் திருத்தலாம், யாரோடும் பகிரலாம் என்று ஊரெல்லாம் முழங்கும் பரப்புரைச் செயலாளர்! சும்மா இருப்பேனா? "அடிமை வடிவில் வந்ததை நான் தொடுவதில்லை, விலங்கை உடைத்துவிட்டு எழுதுங்கள்" என்று பதில் போட்டேன். அதை இதே மேடையில் வாசித்தும் காட்டினேன். நீங்களும் கைதட்டினீர்கள்.

இன்றைய பேச்சிலும் அந்தப் பதிலைச் சேர்க்கலாம் என்று தேடியபோதுதான், கடிதத்தில் என்னதான் இருந்தது என்ற கேள்வி வந்தது. திறந்தேன். நம் கட்டற்ற மென்பொருளிலேயே ஒரு நொடியில் திறந்தது!

"எங்கள் பள்ளியின் நாற்பது கணினிகளையும் உங்கள் மென்பொருளுக்கு மாற்ற விரும்புகிறோம். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. யாராவது வந்து சொல்லித் தருவீர்களா?"

உடனே தொலைபேசியில் அழைத்தேன்.

"எட்டு மாசமாவா மேடம் படிச்சீங்க? ஒரே பக்கம்தானே எழுதினேன்!"

"மன்னிச்சிருங்க டீச்சர்."

"நாலு பேரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வெச்சிருந்தேன். உங்க பதிலைப் பார்த்துட்டு ஸ்டாஃப் ரூம்ல, 'வாங்க அடிமை டீச்சர்'னு ஒரே கேலி. அப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கல. ஸ்கூல்ல அந்தக் கம்பெனியோடவே ஒப்பந்தம் போட்டுட்டாங்க."

"இப்ப ஒண்ணுமே பண்ண முடியாதா?"

"ஒரு ரூம்ல ஆறு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கு. சனிக்கிழமை வேணும்னா வாங்க. பிரசங்கம் மட்டும் வேண்டாம், தாயே!"

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். பிறகு நான் அனுப்பிய பதிலை எடுத்து மறுபடி படித்தேன்.

பின்னாலிருந்து ஓர் ஐயா, "அப்போ கொள்கையை விட்டுடலாங்கிறியாம்மா?" என்கிறார். இல்லை ஐயா, இம்மியும் விட வேண்டாம். ஆனால் விடுதலைக்கு அழைக்கும் வாய், வந்து நிற்பவரை அடிமை என்று வையலாமா? அவர் கேட்டது வழி. நான் கொடுத்தது வசை. அவர் நீட்டியது கை; நான் நீட்டியது சுட்டுவிரல். அந்த நாற்பது கணினிகளை நம்மிடமிருந்து பறித்தது யார்? அந்த நிறுவனமா? இல்லை. என் நாக்கு!

தலைவர் அவர்களே, இதை உங்களிடம்கூட நான் முன்பே சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. பரப்புரைச் செயலாளர் பொறுப்பிலிருந்து இன்றோடு விலகுகிறேன். இனிச் சனிக்கிழமைதோறும் அந்த அறையில் இருப்பேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன்.

இத்தனை ஆண்டுகள் என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு நன்றி. மேடையிலிருந்து நான் சொல்லும் கடைசி வணக்கம் இது.