லெக் பீஸ் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை மதியம், காஞ்சிபுரத்தில் ஒரு பிரியாணிக் கடை வரிசை. எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். “சோறே துன்னாத ஆளுக்கு வாராவாரம் பிரியாணி!” என்று அந்தப் பெண் சொன்னதும் என் காது அந்தப் பக்கம் போய்விட்டது.

“டாக்டருதானேமா சோத்தக் குறைச்சிட்டு கறி, முட்டை துன்னச் சொன்னாரு?”

“எதத் துன்ற நீ? முட்டைன்னா கவுச்சி அடிக்குதுன்ற. மீனுன்னா முள்ளுன்ற. கறிக்கொழம்பு வச்சா மூஞ்சத் திருப்பிக்கினு போற.”

“பிரியாணில வெந்த லெக் பீஸ் மட்டுந்தான் எனக்கு எறங்குது. நான் இன்னா பண்ணட்டும்?”

“மிச்ச சோத்த யாரு துன்றது?”

“நீதான் துன்னுக்கினு இருக்கிறியே.”

“கொட்ட எனக்கு மனசு வரலயே! மூணு மாசத்துல நீ எளைச்சிட்ட. எனக்குத் தறி நெய்யக் குழில எறங்கி ஏறவே மூச்சு வாங்குது. நேத்து அதே டாக்டரு எனக்கும் சோத்தக் குறைக்கச் சொல்லிட்டாரு.”

அதற்குள் அவர்கள் முறை வந்துவிட்டது. கணவர் கல்லாவுக்கு நகர்ந்தார்.

“ஒரு சிக்கன் பிரியாணி. லெக் பீஸா பாத்துப் போடுபா.”

“பீஸத் தனியா கட்டுங்கண்ணா,” என்று அந்தப் பெண் முன்னால் வந்தார். “அது எனக்கு.”

“சோறும்மா?” என்றார் கடைக்காரர்.

“சோறு வேணாம். நீங்களே வச்சிக்கோங்க.”

“அப்ப எனக்கு?” என்றார் கணவர்.

“பிரியாணியோட ஒரு முட்டை வருமில்ல? அது உனக்கு.”