கையை எடுத்தால் அங்கேயே நிற்கும்

டிரோன் பறக்கவிடக் கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் செய்கிற தப்பு ஒன்றுதான் சார். குச்சியை இறுக்கிப் பிடித்துவிடுவார்கள். ரிமோட்டில் இரண்டு குச்சிகள் இருக்கும். இடது பக்கத்துக் குச்சி மேலே கீழே கொண்டுபோகும், திருப்பும். வலது பக்கத்துக் குச்சி முன்னே பின்னே நகர்த்தும். பயத்தில் கையை இறுக்கினால் அது குடித்தவன் மாதிரி அலையும். முதல் நாள் நானும் அப்படித்தான் ஓட்டினேன். அறுத்து முடிந்த எங்கள் வயலில், நெல் தாள் மேல் குப்புற விழுந்தது.

"மச்சான், குச்சிய கசக்காத," என்றான் பாஸ்கர். "முட்டைய புடிக்கிற மாதிரி புடி. பயமா இருந்தா ரெண்டு கையையும் எட்த்துடு. அது வுழாது. எங்க இருக்குதோ அங்கியே நிக்கும்."

பாஸ்கர் என் தங்கை இளமதியின் புருஷன். நீங்கள் என்னை உட்கார வைத்து விசாரிப்பது அவன் சாவைப் பற்றி. அதனால் அவன் எனக்கு எவ்வளவு பொறுமையாகக் கற்றுக்கொடுத்தான் என்பதிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம் என்று படுகிறது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆரம்பாக்கத்தில் எங்களுக்கு நெல் நிலம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பழுக்கக் காய்ந்த கம்பி பாம்பு மாதிரி வெளியே ஓடி வருகிற இடம். என் ஷிஃப்டில் ஒருவனுக்கும் ஒரு விரல் போனதில்லை. விசாரித்துப் பாருங்கள், தணிகைவேல் சார் கவனமான ஆள் என்றுதான் சொல்வார்கள்.

அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது இளமதி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவள் அவளை எப்படி நடத்துவாளோ என்ற யோசனைதான். அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான். அவள் யாரோடு பேசலாம், எந்த ரயிலில் வரலாம், எந்த நிறத்தில் துணி எடுக்கலாம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். எங்கள் வீட்டில் சத்தமே இருக்காது சார். அவ்வளவு அமைதியாக வளர்ந்த பெண்.

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். அங்கே ஆண்டு விழாவுக்கு டிரோன் வைத்துப் படம் எடுக்க வந்தவன்தான் பாஸ்கர். பழவேற்காடு ஏரிப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம் அவன் ஊர். நான் சாதி பார்க்கிறவன் இல்லை. அவன் வீட்டில் உட்கார்ந்து நண்டு சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அவளுக்கு எது நல்லது என்று அவளுக்குத் தெரியாது. அது எனக்குத்தான் தெரியும். அதனால் அவர்கள் பழக்கம் தெரிந்தபோது அவளை வயலில் பம்புசெட் அறையில் சில நாள் வைத்தேன். வேளாவேளைக்குச் சோறு கொடுத்தேன். கையைக் கட்டியது பருத்திக் கயிற்றில். நைலான் என்றால் தோலை அறுத்துவிடும். ஒரே ஒரு தடவை கத்தினாள், அப்போதுதான் அடிக்க வேண்டியிருந்தது. முன் பல் ஒன்று உடைந்தது. அதற்குப் பிறகு கத்தவில்லை.

நாற்று நடவுக்கு வருகிற லட்சுமியம்மாள் கதவைத் திறந்துவிட்டாள். இளமதி நேராக பாஸ்கரிடம் போனாள். பதிவுக் கல்யாணம் நடந்தது.

ஒரு வருடம் போல நான் ஒன்றும் பேசவில்லை. பிறகு நானே பழம் வாங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் போனேன். இளமதி கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். பாஸ்கர்தான் என்னை உள்ளே கூப்பிட்டான்.

"ஒறவு வோணும்னு வந்த மன்சன வெளிய நிக்க வெக்கலாமா, மதி?" என்று அவளைக் கேட்டான். "இன்னா இருந்தாலும் ஒன்ன வளத்தவரு."

அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குள் பேச்சு வளர ஏதாவது ஒரு சாக்கு வேண்டுமே. எங்கள் வயலை மேலேயிருந்து பார்க்க ஆசை, ஒரு சின்ன டிரோன் வாங்கியிருக்கிறேன், கற்றுக்கொடு மாப்ள என்றேன். அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பைக்கில் ஆரம்பாக்கம் வந்துவிடுவான்.

முதலில் தலை உயரத்துக்கு மட்டும் தூக்கி, அப்படியே நிறுத்தப் பழக்கினான். அதன் வால் பக்கம் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும், அப்போதுதான் நமக்கு இடது அதற்கும் இடது. அது பழகின பிறகு முகத்தை நம் பக்கம் திருப்பச் சொன்னான். அப்போது எல்லாம் தலைகீழ். பிறகு வயலின் நான்கு மூலையும் தொட்டுச் சதுரமாகப் பறக்கவிடுவது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, போகும்போது எதிர்க்காற்றில் போக வேண்டும். திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வந்துவிடும். ஸ்ரீஹரிகோட்டா பக்கம் எட்டியும் பார்க்கக் கூடாது. பேட்டரி தீர்ந்துபோகிற நேரத்தில் அது தானாகவே கிளம்பின இடத்துக்குத் திரும்பி வந்து இறங்கிவிடும், அதற்கு வழியில் மரமோ கம்பமோ இடிக்காத உயரத்தை முன்கூட்டியே வைத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் சலிக்காமல் சொல்லுவான்.

ஒரு ஞாயிறு வரப்பிலிருந்து எழும்பின கொக்கு ஒன்று என் டிரோன் மேல் அடித்துக்கொண்டு விழுந்தது. இறக்கை தொங்கிவிட்டது. பாஸ்கர் ஓடிப்போய் எடுத்து வந்து, தன் கைக்குட்டையைக் கிழித்து இறக்கையைச் சேர்த்துக் கட்டினான். இதைப் பிடி மச்சான், தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று போனான். அது பிழைத்தாலும் பறக்காது. அதனால் அவன் வருவதற்குள் கழுத்தைத் திருகினேன்.

"இன்னா மச்சான் இப்டி பண்ட்ட?" என்றான். கண் கலங்கியிருந்தது. ஒரு கொக்குக்காக. வெட்கமாக இருந்தது எனக்கு. இப்படிப்பட்டவனை நம்பியா அவளை விட்டிருக்கிறோம் என்று தோன்றியது.

நன்றாகக் கை வந்த பிறகு நான் தனியாகவும் பறக்கவிட ஆரம்பித்தேன். அவர்கள் தெருவின் ஓரத்தில் ஒரு காலி மனை இருக்கிறது, அங்கே நின்றால் அவர்கள் மொட்டை மாடி எட்டும். வேவு பார்ப்பதற்காக இல்லை. அவள் சாப்பிட்டாளா, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஓர் அண்ணனுக்குத் தெரிய வேண்டாமா?

ஒரு நாள் சாயங்காலம் அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பாஸ்கர் ஈரத் துண்டு ஒன்றை அவள் தலையில் போட்டான். அவள் சிரித்தாள். வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. உடைந்த பல்கூடத் தெரிந்தது. எங்கள் வீட்டில் இத்தனை வருடத்தில் அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. அவன் அவளை ஏதோ செய்துவிட்டான் என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது. அது என் தங்கையே இல்லை.

பிறகு அவள் நிமிர்ந்து டிரோனைப் பார்த்தாள். அவனுடைய சிநேகிதர்கள் யாரோ என்று நினைத்திருப்பாள். கையசைத்தாள். காலி மனையில் நின்றுகொண்டு நானும் கையசைத்தேன்.

எப்படிச் செய்வது என்ற யோசனையைக் கொடுத்தது பாஸ்கர்தான். எங்கள் வயலில் சுற்றுச்சுவர் இல்லாத ஒரு பழைய கிணறு இருக்கிறது. நான் ஸ்கிரீனையே பார்த்தபடி பின்னால் நடந்துகொண்டிருந்தேன். திடீரென்று சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். திரும்பினால், என் குதிகால் கிணற்று விளிம்பில்.

"ஸ்கிரீன பாக்குறவனுக்கு காலு இருக்குறதே தெரியாது மச்சான்," என்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது. "அதுக்குத்தான் பக்கத்துல ஒர்த்தன் நிக்கணும். அவன்தான் கண்ணு. நான் இருக்கேன், நீ பறக்கவுடு."

அவன் போன பிறகு வெகு நேரம் அந்தக் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவன் தன் கண்ணை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு நிற்கிறான். எவ்வளவு பெரிய நம்பிக்கை அது.

அடுத்த போகம் கதிர் பழுத்து வயலெல்லாம் மஞ்சளாக நின்றபோது அவனைக் கூப்பிட்டேன். எங்கள் ஊர் ஏரிக்கரையை ஒட்டி, யாரோ கம்பெனி கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்ட கட்டடம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது தளம் வரை எழும்பியிருக்கிறது, கைப்பிடிச் சுவர் கிடையாது. பின்பக்கம் கீழே தரையில், மேலும் கட்டுவதற்காகப் போட்ட தூண்களின் கம்பிகள் வெட்டப்படாமல் கொத்துக் கொத்தாக நிற்கும். அங்கேயிருந்து எடுத்தால் வயலும் ஏரியும் ஒன்றாக வரும் மாப்ள, நீயே எடுத்துக் கொடு என்றேன்.

"மதிய கூட்டிக்கினு வந்திருப்பேன்," என்றான் படி ஏறும்போது. "அவ வர மாட்டேன்ட்டா. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத, கொஞ்ச நாள்ல சரியாய்டுவா."

என் டிரோனை உள்ளங்கையிலிருந்தே கிளப்பினான். தரையில் கம்பி ஓடுகிற இடத்தில் வைத்தால் அதற்குத் திசை குழம்பிவிடுமாம். கதிர்களுக்கு மேலே தாழ்வாகக் கொண்டுபோனான். கை அசைவதே தெரியவில்லை. மேற்கு வெயில் ஸ்கிரீனில் அடித்தது. குனிந்து, உடம்பால் நிழல் கொடுத்துக்கொண்டு பார்த்தான்.

"ஒண்ணும் தெரியல மச்சான்."

"பின்னால வா மாப்ள, படிக்கட்டு ரூம் நிழல் இருக்கு," என்றேன்.

வந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்."

வந்தான்.

"இன்னும் ஒரு அடி."

நான் அவனைத் தொடவில்லை. தள்ளியதாக எழுதாதீர்கள், அது பொய்யாகிவிடும். அவனாகவே கால் வைத்தான். ரிமோட் மட்டும் தளத்தின் ஓரத்தில் விழுந்து உருண்டது. கீழே சத்தம் பெரிதாக இல்லை, ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு தடவை.

ரிமோட்டை எடுத்தேன். வயலுக்கு மேலே டிரோன் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதைக் கட்டடத்தின் பின்பக்கம் கொண்டுவந்து, சுவரை ஒட்டி மெதுவாக இறக்கினேன். அந்த இடத்தில் காற்று சுழலும், கஷ்டமான வேலை. நீங்கள் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள், ஓர் இடத்திலும் ஆட்டம் இல்லை என்று கவனித்திருப்பீர்கள்.

அவன் தரையில் விழவே இல்லை. ஒரு கம்பி தொடையில் ஏறியிருந்தது. ஒன்று விலாவுக்குக் கீழே நுழைந்து முன்பக்கம் வந்திருந்தது. அவன் அதன்மேல் பாதி உட்கார்ந்த மாதிரி இருந்தான். கண் திறந்திருந்தது. டிரோனைப் பார்த்ததும் கையைத் தூக்கினான். நான் தேடி வந்துவிட்டேன் என்று நினைத்தான்.

"மச்சான்," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "எட்டிப் பாக்காத, வுழுந்துடுவ. கம்பி இருக்குது. படிக்கட்டால பாத்து வா."

அவன் படம் எடுக்க ஆரம்பித்திருந்தது எனக்குத் தெரியாது. ஸ்கிரீன் மூலையில் சிவப்பாக நொடிகள் ஓடிக்கொண்டிருந்திருக்கும். நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சிகளிலிருந்து கையை எடுத்தேன். டிரோன் அங்கேயே நின்றது. ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

பக்கத்தில் போனதும், "வந்துட்டியா," என்றான். வாயோரம் ரத்தம் நுரைத்தது. பிறகு மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னான்: "மதிக்கு இப்ப போன் பண்ணாத மச்சான். பயந்துடுவா. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு நானே பேசிக்கிறேன்."

நான் கையை நீட்டினேன். முகத்தைத் துடைக்கப் போகிறேன் என்று நினைத்து, வசதியாக என் பக்கம் திருப்பிக் கொடுத்தான். வாயையும் மூக்கையும் சேர்த்து மூடினேன். கடித்தான், உள்ளங்கையில் இருக்கிற தழும்பு அதுதான், டாக்டர் குறித்துக்கொண்டார். அசைய அசையக் கம்பி அவனை இன்னும் கிழித்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அசையாதே மாப்ள என்று சொல்லத்தான் செய்தேன். அவன் கை தளரும் வரை பிடித்திருந்தேன். ஆமாம் சார், நான்தான் கொன்றேன். கம்பி கொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

மேலே ஏறிப் பார்த்தபோது பேட்டரி தீரப் போகிறதென்று டிரோன் தானே வந்து தளத்தில் இறங்கியிருந்தது. கால் தவறி விழுந்துவிட்டான் என்று ஊரைக் கூட்டினேன். எல்லோரும் நம்பினார்கள். ஈமக் காரியம் முழுக்க நான்தான் முன்னே நின்று செய்தேன். அவனுடைய அம்மா குப்பாயி என் தோளில் சாய்ந்துதான் அழுதாள்.

காரியம் முடிந்த மறுநாள், இளமதி முதல் தடவையாக என்னிடம் ஒன்று கேட்டாள். "அவன் கடைசியா தொட்டது அதுதானே. அத எனக்குக் குடு." அத்தனை நாள் கழித்து அவள் வாய் திறந்து கேட்கிறாள். எப்படி மறுப்பேன்? உள்ளே இருந்த மெமரி கார்டோடு டிரோனைக் கொடுத்தேன். அந்தக் கார்டில் இருந்த படத்தை அவள்தான் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

நேற்று நீங்கள் அவளை உள்ளே விட்டீர்கள். அழவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அதுல சத்தம் இல்ல," என்றாள். "அவன் வாய் அசையுது. எத்தினி தபா பாத்தாலும் புரியல. இன்னா சொன்னான்?"

நான் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். பிறகு போய்விட்டாள்.

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஓர் உதவி. அவன் சொன்னதை மட்டும் அவளிடம் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அது அவளுக்கு வேண்டுமென்றால் என்னிடம் வரட்டும். எந்த ஜெயிலில் போட்டாலும் தேடி வருவாள், மனு எழுதிக் கொடுத்து, வரிசையில் நின்று, என் முகத்தைப் பார்த்து அண்ணா என்று கூப்பிடுவாள். நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வேன். எவ்வளவு கோபம் இருந்தாலும் அவளுக்கு என்மேல் பாசம் போகவில்லை சார், மாதா மாதம் வருவாள் பாருங்கள்.