மதலைமுத்து பிரித்துப் பார்த்த பிங்குகள்

தலைமை ஏற்றிருக்கும் கணேசமூர்த்தி அவர்களே, துணைவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி பிரிஜெட் அவர்களே, வைட்ஃபீல்ட் அலுவலகத் தோழர்களே!

நமது நெட்வொர்க் நிர்வாகி மதலைமுத்து அவர்கள் மறைந்து ஒன்பது நாள் ஆகிறது. எட்டு ஆண்டுகள் அவருக்கு மேலாளராக இருந்தவன் நான். புகழ்ந்து பேசத்தான் அழைத்தார்கள். எனக்குக் களைப்பாக இருக்கிறது. உள்ளதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2002இல் நமது மோட்டார் வரைபடங்கள் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டன. நமது வரைவுப் பிரிவில் இருந்த லவினாவின் கணினியிலிருந்துதான் போயின என்று தெரிந்தது. மின்னஞ்சலிலும் போகவில்லை, சிடியிலும் போகவில்லை; எப்படிப் போயின என்றே தெரியவில்லை. இருந்தும் அவரை வேலையை விட்டு நீக்கினேன். அதை ஏற்காத ஒரே மனிதர் யார்? மதலைமுத்து!

ஒரு கணினி இன்னொன்றிடம் 'இருக்கிறாயா?' என்று கேட்பதுதான் பிங். அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அவர் பார்த்தார். ஏழு மாதம் பார்த்தார். லவினாவின் கணினி அனுப்பிய ஒவ்வொரு பிங்குக்குள்ளும் வரைபடத்தின் ஒரு துணுக்கு இருந்தது. லவினா வேளாங்கண்ணிக்குப் போயிருந்த நாட்களிலும் அவை போயிருக்கின்றன. எவரோ வெளியிலிருந்து நுழைத்த புரோகிராம், அந்தக் கணினியில் ஒளிந்துகொண்டு அனுப்பியிருக்கிறது.

"சார், அந்தப் பொண்ணு எடுக்கல சார். ஸ்வல்ப, கொஞ்சம் இதைப் பாருங்க சார்" என்று தாள்களோடு வந்து நின்றார். பார்த்தேன். பார்த்துவிட்டு இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

ஏன் பூட்டினேன்? வெளியே போகும் பிங்கை அடைத்துவிடலாம் என்று அவர் முன்பே எழுதிக் கேட்டிருந்தார். லைன் இருக்கிறதா என்று வாடிக்கையாளர் அலுவலகத்தோடு சரிபார்க்க வேண்டும், திறந்தே இருக்கட்டும் என்று மறுத்தவன் நான். லவினா எடுக்கவில்லை என்றால், வழியைத் திறந்து வைத்தது யார் என்று கேட்பார்கள் அல்லவா?

அதன் பிறகும் மூன்று முறை வந்தார். குரலை உயர்த்தியதே இல்லை. கடைசியாக, "உங்களுக்கே தெரியும்ல சார்" என்றார். அந்த வாரத்தில்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் உறுதி கூறினார்கள். அவர் முடிக்காமல் விட்டது ஒரே ஒரு பணிதான். அந்தத் தாள்களை இன்று காலை தலைவரிடம் கொடுத்துவிட்டேன். லவினா எதையும் திருடவில்லை என்று இந்தச் சபை அறியச் சொல்கிறேன்.

அஞ்சலி செலுத்த லவினா வந்திருக்கிறாராம். கேட்டில் நிறுத்தி வைத்திருப்பதாக இப்போதுதான் சீட்டு வந்தது. அவரை உள்ளே விடக் கூடாது என்ற உத்தரவில் இருப்பது என் கையெழுத்து. நான் போய் அழைத்து வருகிறேன். மௌன அஞ்சலியை அதுவரை தொடங்க வேண்டாம்.