டிக்கெட் வாங்கிப் பார்த்த தோல்கன்னு

அடுத்தவர் பேச்சைக் கேட்பதற்காகவே தூங்குவதுபோல் நடிக்கிற மடையன் நான். அதில் இறங்கவேண்டிய ஊரை இரண்டு முறை கோட்டைவிட்டிருக்கிறேன். புத்தூரில் திருப்பதி ரயில் ஏறியதும் அன்றும் கண்ணை மூடிக்கொண்டேன். எதிர் சீட்டில் அக்காள் தங்கை இருவர். மகள் பிரசவத்துக்காக வியன்னா போய்த் திரும்பியிருந்தார் தங்கை.

"அங்க தோல்கன்னைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கினு போறாங்கக்கா."

"இன்னாடி உளர்ற?"

"மியூசியம்க்கா. செத்த சிங்கம், கரடி எல்லாம் உயிரோட இருக்கிறாப்பல நிக்குது. நம்ம கன்னு செத்தப்ப, தோல்ல வைக்கோல் அடைச்சு பசு முன்னாடி நிறுத்தி நைனா பால் கறந்தாரே, அதே மாதிரி."

"உம் பொண்ண ஏன் அங்க இட்டுக்கினு போன?"

"குழந்த செத்து எட்டு நாளா ரூமை விட்டு வரல. மாப்பிள்ளதான் இட்டுக்கினு போனாரு. அங்க ஒரு மான்குட்டி எதிர்ல போய் நின்னா. சட்டையெல்லாம் பால்ல நனைஞ்சுபோச்சுக்கா."

வளையல் சத்தம் கேட்டது; அக்காள் தங்கையின் கையைப் பிடித்திருக்கவேண்டும்.

"நம்ம பசு கதையச் சொன்னேன். 'அது பொம்மைன்னு பசுவுக்குத் தெரியுமாம்மா'ன்னு கேட்டா. தெரியாதுன்னுட்டேன்."

"தெரியும்டி. தெரிஞ்சுதான் நக்கும்."

பேச்சு நின்றுவிட்டதே என்று கண்ணைத் திறந்தேன். இருவரும் என் ஈரக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தூசி விழுந்துடுச்சும்மா" என்றேன்.

"மூடின கண்ணுலயா?" என்றார் அக்காள்.