பலா மரத்துக் கயிற்றில் எண்ணெய் வந்த விதம்

மேலே எழுதியுள்ள பெயரும் விலாசமும் என்னுடையவைதான். வயது முப்பத்தெட்டு. வீட்டிலேயே துணி தைக்கிறேன். நாற்காலி கொடுத்தார்கள், எனக்கு உட்கார மனம் வரவில்லை, நின்றபடியே சொல்கிறேன். கயிற்றில் எண்ணெய் தடவித் தன்னைக் கொல்லப் பார்த்ததாக என் கணவர் சொன்னதன்பேரில் நீங்கள் பிடித்து வைத்திருப்பவர் என் கொழுந்தன்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள பலா மரம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. மரம் வைரம் பாய்ந்துவிட்டது, கரையான் தொடாது, கதவு செய்ய நல்ல விலைக்குப் போகும் என்று என் கணவர் கொஞ்ச நாளாக நச்சரித்தார். கொழுந்தன் பிடிகொடுக்கவில்லை. சுளை விற்றுத்தான் அவர் பிழைப்பு.

நேற்று மாலை கொழுந்தன் கீழே ஒரு பழத்தை அறுத்துக்கொண்டிருந்தார். பலாப் பால் கையில் ஒட்டினால் லேசில் போகாது, அதனால் அவர் கையிலும் கத்தியிலும் நான்தான் தேங்காயெண்ணெய் ஊற்றினேன். அதன் பிறகு என் கணவர் ஏணியில் ஏறி, மேலே இருந்த பழத்தைத் தட்டிப் பார்த்து, அதைக் கயிற்றில் கட்டி, கயிற்றை மேல் கிளை வழியாகக் கீழே விட்டு, தம்பியைப் பிடிக்கச் சொன்னார்.

"கை வழவழன்னு இருக்குண்ணே, கழுவிட்டு வந்துடறேன்" என்றார் கொழுந்தன்.

"நீ கழுவி முடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும். பிடிடா" என்றார் இவர். எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் பறப்பார்.

அதன் பிறகு காம்பை வெட்டினார். பழம் என் தையல் மிஷினைவிடக் கனம். கயிறு கையிலிருந்து உருவிக்கொண்டு போக, பழம் ஏணியில் மோதி, ஏணியோடு அவரும் விழுந்து தோள் எலும்பு உடைந்தது.

கொழுந்தனின் உள்ளங்கையை யாரும் விரித்துப் பார்க்கவில்லை. தோல் உரிந்து கிடக்கிறது. வேண்டுமென்று விடுகிறவருக்கு ஏன் உரியப்போகிறது?

ஆஸ்பத்திரியில், "கழுவிட்டு வரேன்னு தம்பி சொன்னதைச் சொல்லுங்க" என்று கணவரிடம் கெஞ்சினேன். "நீ சும்மா இரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலியில் பேசுகிறார் என்று அப்போதும் அவருக்காகத்தான் அழுதேன்.

இன்று காலை மர வியாபாரி வந்து நாடா பிடித்து அடிமரத்தை அளந்தார். யார் வரச் சொன்னது என்று கேட்டேன். "உங்க வீட்டுக்காரர்தாம்மா, ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணாரு. தம்பி இனிமே தடுக்க மாட்டாராம்" என்றார். அதன் பிறகு வீட்டைக்கூடப் பூட்டாமல் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. இதை என் கணவருக்கும் வாசித்துக் காட்டலாம்.

(ஒப்பம்)